தில்லி மூடுபனியில் கார் ஓட்டுவது எப்படி? கண்ணுக்குத் தெரியும் தூரமே வேக வரம்பு

புதுதில்லி: தலைநகரின் குளிரைப் பற்றிய செய்திகளில் நாள்தோறும் இடம்பெறும் பெயர் சஃப்தர்ஜங். தில்லியின் குறைந்தபட்ச வெப்பநிலைக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுவது அங்குள்ள இந்திய வானிலை ஆய்வு மையத்தின் பதிவே. மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புகள் நிறைந்த லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அரவிந்தோ மார்க்கைக் கடந்தால், அந்தப் பழைய விமான நிலையம் சிறிது தொலைவிலேயே உள்ளது. எனவே "சஃப்தர்ஜங்கில் பார்வைத் தூரம் 300 மீட்டர்" என்று காலைச் செய்தி கூறும்போது, இப்பகுதியில் வசிப்போர் அதைத் தம் வாசலின் நிலவரமாகவே கொள்ளலாம்.

ஆனால் அந்த எண்ணை நம்பி ஆக்ராவுக்கோ ஹரித்வாருக்கோ காரை எடுப்பது பிழையாகும். வாசலில் மெல்லிய திரையாகத் தெரியும் பனி, நகர எல்லையைக் கடந்ததும் சுவராக மாறிவிடக்கூடும். வட இந்தியாவின் குளிர்கால விபத்துகளில் இந்த வேறுபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

நகரத்துக்குள் குறைவு, வயல்வெளியில் அடர்த்தி

பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே குறைந்தால் அது மூடுபனி எனப்படுகிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் இதை நான்கு நிலைகளாகப் பிரித்துள்ளது. 500 முதல் 1,000 மீட்டர் வரை தெரிந்தால் இலேசானது. 200 முதல் 500 மீட்டர் வரை மிதமானது. 50 முதல் 200 மீட்டர் வரை அடர்ந்தது. 50 மீட்டருக்கும் குறைவாகத் தெரிந்தால் மிக அடர்ந்தது. 2021 ஜனவரி 1 காலையில் சஃப்தர்ஜங்கில் வெப்பநிலை 1.1 டிகிரி செல்சியஸாக இறங்கியது. அன்று காலை 6 மணியளவில் பார்வைத் தூரம் பூஜ்யமாகப் பதிவானது.

தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து நுண்துளிகளாக மாறுகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் தாழ்வழுத்தங்கள் தரும் மழையும், கோதுமைப் பாசன நீரும் கங்கைச் சமவெளிக்கு வேண்டிய ஈரத்தைத் தந்துவிடுகின்றன. காற்றில் மிதக்கும் புகைத்துகள்களைப் பற்றிக்கொண்டு துளிகள் எளிதில் உருவாகின்றன. வெயில் ஏறும் வரை அவை கலைவதில்லை. பெரும்பாலான நாள்களில் நள்ளிரவுக்குப் பின் தொடங்கும் பனி, சூரிய உதயத்தை ஒட்டிய மணி நேரங்களில் உச்சமடைந்து, பத்து மணிக்கு மேல் விலகத் தொடங்குகிறது.

கட்டடங்களும் தார்ச்சாலைகளும் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவு முழுவதும் வெளியிடுவதால், நகரின் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சற்று வெதுவெதுப்பாக உள்ளது. செயற்கைக்கோள் படங்களில், சமவெளி முழுவதும் வெண்போர்வையாகப் படர்ந்திருக்கும் பனியில் தில்லி போன்ற பெருநகரங்களின் மேல் மட்டும் ஓட்டை விழுந்ததுபோல் காணப்படுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ரிங் ரோடு வழியே புறப்படும் ஓட்டுநர் அந்த ஓட்டைக்குள்ளேயே பயணத்தைத் தொடங்குகிறார். நொய்டாவைத் தாண்டியதும் இருபுறமும் வயல்கள், யமுனையின் ஈரம், திறந்த வெளி. சாலையோ அங்குதான் அகன்று, வேகமாகச் செல்ல அழைக்கிறது.

யமுனா விரைவுச்சாலையின் பாடம்

கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் 165 கிலோமீட்டர் நீள யமுனா விரைவுச்சாலை 2012 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 2017 நவம்பர் 8 காலையில், புகையும் பனியும் கலந்த மூட்டத்தில் அச்சாலையில் பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் அடுத்தடுத்து மோதிக்கொண்டன. அங்கிருந்தவர்கள் எடுத்த காணொளி நாடெங்கும் பரவியது. அதில் கலங்க வைப்பது முதல் மோதல் அன்று. முன்னே விபத்து நடந்துவிட்டது, மக்கள் இறங்கிக் கூச்சலிடுகின்றனர். அதன் பிறகும் வெண்மைக்குள்ளிருந்து ஒவ்வொரு காராக வந்து மோதிக்கொண்டே இருக்கிறது. மறு ஆண்டு டிசம்பர் 24 அன்று ஹரியாணா மாநிலம் ஜஜ்ஜர் அருகே நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 வாகனங்கள் மோதிய விபத்தில் எட்டு பேர் உயிரிழந்ததாகச் செய்திகள் வெளியாயின.

இவை பெரிய விபத்துகள் என்பதால் செய்தியாயின. ஒற்றை லாரியின் பின்புறம் மோதி நிகழும் மரணங்கள் உள்ளூர்ப் பக்கத்தைத் தாண்டுவதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் மூடுபனி வேளையில் நேர்ந்த விபத்துகளில் உயிரிழந்தோர் எண்ணிக்கை தனித்தனியே பத்தாயிரத்துக்கும் அதிகம்.

யமுனா விரைவுச்சாலையில் ஆண்டுதோறும் டிசம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை கார்களுக்கான வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 75 ஆகக் குறைக்கப்படுகிறது. இதைப் பாதுகாப்பான வேகம் என்று பலர் எடுத்துக்கொள்கின்றனர். அந்தப் புரிதலைக் கணக்கு மறுக்கிறது.

ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்குச் சுமார் இரண்டு வினாடிகள் ஆகின்றன என்று கொள்ளலாம். மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரண்டு வினாடிகளில் மட்டும் கார் ஏறக்குறைய 42 மீட்டர் ஓடிவிடும். பனி ஈரம் படிந்த சாலையில் நிற்பதற்கு மேலும் 48 மீட்டர் வேண்டும். மொத்தம் 90 மீட்டர். ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத பனியில், சட்டத்துக்கு முழுமையாக உட்பட்டு 75-இல் செல்லும் கார், நின்றிருக்கும் லாரியைக் கண்ட பின்பு எவ்வளவு அழுத்தினாலும் மோதியே தீரும்.

இதே கணக்கில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 64 மீட்டரும், 50-இல் 49 மீட்டரும், 40-இல் 36 மீட்டரும், 30-இல் 24 மீட்டரும் தேவை. டயர் தேய்ந்திருந்தாலோ, ஓட்டுநர் களைத்திருந்தாலோ இவை கூடும். நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையாயின் எதிரே வருபவருக்கும் நிற்க இடம் வேண்டும் என்பதால், தெரியும் தூரத்தில் பாதிதான் நம்முடையது. 50 மீட்டர் தெரிந்தால் 30 கிலோமீட்டர் வேகமே அங்குப் பொருந்தும்.

தெரியும் தூரத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. முன்னே ஒரு கம்பமோ தடுப்பின் ஒளிப்பட்டையோ பனியிலிருந்து வெளிப்படும் கணத்தில் எண்ணத் தொடங்கி, கார் அதைக் கடக்கும் வரை எத்தனை வினாடிகள் ஆகின்றன என்று பார்க்கலாம். நான்கு வினாடிகளுக்கும் குறைவாக இருப்பின் வேகம் அதிகம். உடனே, ஆனால் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீர் பிரேக் பின்னால் வருபவரை அழைத்து மோத வைப்பதற்கு ஒப்பாகும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்தி: தண்டவாளத்தை விட்டு விலக முடியாத ரயிலுக்கு, சிக்னல் வருவதை முன்கூட்டியே உணர்த்தும் ஜிபிஎஸ் கருவியை எஞ்சினில் பொருத்திய பிறகும், மூடுபனியில் ரயில்வே அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர்தான். முன்பு அது 60 ஆக இருந்தது. இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்தில் 50 மீட்டர் பார்வைத் தூரத்திலும் விமானம் தரையிறங்க முடிகிறது; அதற்கு ஓடுபாதையில் சிறப்புக் கருவிகளும் அதற்கெனப் பயிற்சி பெற்ற விமானிகளும் வேண்டும். கார் ஓட்டுநருக்கு இருப்பவை இரு கண்கள் மட்டுமே.

விளக்குகள் பற்றிய தவறான பழக்கங்கள்

பனி கண்டதும் ஹை பீம் போடுவது இயல்பாக எழும் எண்ணம். அந்த ஒளி நுண்துளிகளில் பட்டுச் சிதறி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்புகிறது. முன்னே வெள்ளைத் திரை இன்னும் தடிமனாகத் தெரியும். லோ பீம் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பம்பரில் தாழ்வாகப் பொருத்தப்படும் மூடுபனி விளக்கு, பனிக்கு அடியில் சாலையின் ஓரத்தையும் கோடுகளையும் பரந்து காட்டுவதால் உதவுகிறது. குளிர்காலம் தொடங்கியதும் கரோல் பாக் உதிரிபாகக் கடைகளில் முகப்பு விளக்குக்கு மஞ்சள் தாள் ஒட்டுவோர் வரிசையில் நிற்பது வழக்கம். மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்பது பரவலான நம்பிக்கை. பனித்துளிகள் ஒளி அலைகளைவிடப் பன்மடங்கு பெரியவை. எந்த நிற ஒளியையும் அவை ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. கண் கூச்சம் சற்றுக் குறையலாம், அவ்வளவே. விளக்கின் நிறத்தைவிட அதன் உயரமும் சாய்வும் முக்கியம்.

புதிய கார்களில் இன்னொரு பொறி உள்ளது. பகலிலும் எரியும் முன்புற ஒளிப்பட்டை இருப்பதால் விளக்கு எரிவதாக ஓட்டுநர் நினைத்துக்கொள்கிறார். பல கார்களில் அப்போது பின்விளக்கு எரிவதில்லை. தானியங்கி விளக்குகளும் இருளைத்தான் உணர்கின்றன. காலை எட்டு மணி வெண்பனியில் வெளிச்சம் போதுமான அளவு இருப்பதால் அவை எரியாமலே இருந்துவிடலாம். விளக்குச் சுவிட்சைக் கையால் திருப்புவதே பாதுகாப்பானது.

நான்கு இண்டிகேட்டர்களையும் சேர்த்து ஒளிரவிட்டு ஓடும் வழக்கம் வட இந்திய நெடுஞ்சாலைகளில் வேரூன்றிவிட்டது. அந்த விளக்கு "நான் நின்றுவிட்டேன்" என்பதற்கான அடையாளம். ஓடும் கார்கள் எல்லாம் அதைப் போட்டால், உண்மையில் நின்றுவிட்ட காரை எப்படிப் பிரித்தறிவது? மேலும் பெரும்பாலான கார்களில் அது எரியும்போது திரும்பும் திசையைக் காட்ட இயலாது. நின்றால் அல்லது நிற்கும் நிலைக்கு வேகம் தாழ்ந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துவது முறை.

முன்னே செல்லும் லாரியின் சிவப்பு விளக்கைத் துணையாகக் கொண்டு ஒட்டிச் செல்வதும் பலரின் உத்தி. வழிகாட்ட ஒருவர் இருப்பது மனத்துக்கு ஆறுதல் தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த லாரி எதன் மீதேனும் மோதினால், பிரேக் விளக்கு எரியும் வாய்ப்பே இல்லாமல் அது அங்கேயே நின்றுவிடும். இடைவெளி குறைந்தது நான்கு வினாடிகளாவது இருக்க வேண்டும். வழிகாட்டியாக இடப்புற வெள்ளைக் கோட்டைக் கொள்ளலாம். நடுக்கோட்டைத் தொடர்ந்தால் எதிரே வருபவரும் அதையே தொடர்ந்து வரக்கூடும். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் இது கரும்பு வெட்டும் பருவம். பின்விளக்கோ சிவப்பு ஒளிப்பட்டையோ இன்றி, இருபுறமும் பிதுங்கிய கரும்புச் சுமையுடன் டிராக்டர்கள் ஊர்ந்து செல்லும். அவை கண்ணில் படும் தூரம் மற்ற வாகனங்களைவிட மிகக் குறைவு.

தெற்கிலிருந்து வந்தவர்களுக்குப் புதியவை

சென்னையில் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு மூடுபனி முற்றிலும் அறியாதது அன்று. குன்னூர் மலைப்பாதையின் மேகமூட்டம் உண்டு. போகிப் புகையும் உண்டு. 2018 ஜனவரி 13 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின. எனினும் கண்ணாடியைப் பொறுத்தவரை தில்லியின் குளிர் தலைகீழ்ப் பாடம் நடத்துகிறது. சென்னையில் ஏசியால் குளிர்ந்த முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஈரம் படியும். வைப்பரை ஒருமுறை ஓட்டினால் போதும். தில்லி ஜனவரியில் உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்றே கண்ணாடியின் உட்புறத்தில் படிகிறது. நால்வர் ஏறிய சில நிமிடங்களில் கண்ணாடி வெளுத்துவிடும்.

துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது தீர்வாகாது. முன்கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பும் பொத்தானை அழுத்தி, ஹீட்டருடன் ஏசியையும் சேர்த்து இயக்க வேண்டும். குளிரில் ஏசியா என்று தோன்றலாம். காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது ஏசிதான். உள்காற்றே சுழலும் நிலையை விடுத்து வெளிக்காற்று வரும் நிலைக்கு மாற்றினால் விரைவில் தெளியும். பக்கக் கண்ணாடி ஒன்றை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பது ஈரத்தை வெளியேற்றுவதோடு, கண் காணாததைக் காது கேட்கவும் உதவுகிறது. அதே காரணத்துக்காக, காதை மூடும் குல்லாயை ஓட்டுநர் தவிர்ப்பது நல்லது, பாட்டையும் நிறுத்திவிடலாம்.

திறந்த வெளியில் நிறுத்தப்பட்ட கார்களின் மேல் இரவுப் பனி நீராகப் படிந்திருக்கும். அதில் தூசி கலந்திருப்பதால் உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் காணக்கூடும். குளிர்ந்த இரவில் டயரின் காற்றழுத்தம் குறையும். சராசரியாக 5 அல்லது 6 டிகிரி வெப்பம் இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ வரை குறைகிறது. அக்டோபரில் நிரப்பிய காற்றைக் கொண்டே ஜனவரியில் நீண்ட பயணம் செல்லலாகாது. மூன்றாண்டைத் தாண்டிய பேட்டரி இம்மாதங்களில்தான் கைவிடும். டீசல் உறைவது லே, லடாக் போன்ற பகுதிகளின் கவலை. தில்லிக்கு அது பொருந்தாது.

காரை இயக்குமுன் பானட்டை ஒருமுறை தட்டி, அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். சூடான எஞ்சினை நாடிப் பூனைகளும், சக்கரங்களுக்கிடையே தெருநாய்களும் ஒதுங்கியிருக்கும். குழந்தைகளைத் தடித்த ஜாக்கெட்டுடன் இருக்கைப் பட்டையில் பிணைத்தால் பட்டை உடலை இறுகப் பிடிக்காது. ஜாக்கெட்டைக் கழற்றி, பட்டையை மாட்டிய பின் மேலே போர்த்திவிடுவது சரியான முறை.

காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உறங்குவது பெரும் ஆபத்து. பயணத்தின் நடுவே பனி விலகக் காத்திருப்போர், கண்ணாடிகளை ஏற்றி எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணயர்வதுண்டு. புகைக்குழாயில் சிறு கசிவு இருந்தாலும், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே சேர்ந்து, உறங்குபவரை எழவிடாமல் செய்துவிடும். மூடிய கராஜில் எஞ்சினைச் சூடேற்றுவதற்கும் இது பொருந்தும்.

நகருக்குள்ளும் கவனம்

ரிங் ரோட்டில் பனி சற்று இலேசாக இருக்கலாம். ஆனால் அங்கு எதிர்ப்படுவோர் மனிதர்கள். எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள நடைபாதைகளில், தொலை மாநிலங்களிலிருந்து வந்த நோயாளிகளின் உறவினர்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கின்றனர். துப்புரவுப் பணியாளர்கள் விடியுமுன்பே சாலையில் இறங்குகின்றனர். விளக்கில்லாத மிதிவண்டியில் பால்காரர் வருகிறார். லக்ஷ்மிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உள்ளது. பனிக்காலக் காலைகளில் சாம்பல் வெளிச்சத்தில் மாணவர்கள் சாலையைக் கடக்கும் பகுதி இது. மார்கழி வழிபாட்டுக்காக ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு அதிகாலையில் கிளம்பும் குடும்பங்களும், ஊரிலிருந்து வருவோரை அழைத்துவர ரயில் நிலையத்துக்கு விரைவோரும், பனி உச்சத்தில் இருக்கும் நேரத்தையே தேர்ந்தெடுக்க நேர்கிறது. ரயிலே பனியால் மணிக்கணக்கில் தாமதமாகும் நாளில், அதன் தற்போதைய இருப்பிடத்தைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் அவசரம் பாதியாகக் குறையும்.

புறப்படும் நேரத்தைத் தள்ளிப்போடுவதே இருக்கும் வழிகளுள் மிகச் சிறந்தது, செலவும் அற்றது. ஆக்ராவுக்குக் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் நெரிசல் இராது என்பது கோடைக்கான அறிவுரை. ஜனவரியில் பத்து மணிக்குப் புறப்பட்டு, இருட்டுமுன் திரும்ப முடியாவிட்டால் அங்கேயே தங்கிவிடுவது நல்லது. முந்தைய மாலை வானிலை மையம் வெளியிடும் மாவட்ட வாரியான எச்சரிக்கையில் தில்லியை மட்டுமன்றி, வழியிலுள்ள கௌதம புத்த நகர், அலிகர், மதுரா மாவட்டங்களின் நிறத்தையும் பார்க்க வேண்டும். வானொலியிலும் சாலை அறிவிப்புப் பலகைகளிலும் வரும் "கோஹ்ரா" என்ற இந்திச் சொல் மூடுபனியைக் குறிக்கும்.

காற்று மாசு தொடர்பான கட்டுப்பாட்டையும் இத்துடன் பார்த்துவிடலாம். மாசுக் குறியீடு 400-ஐத் தாண்டி கிராப் மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்டால், பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் கார்களைத் தில்லியில் ஓட்ட இயலாது. மீறினால் அபராதம் 20,000 ரூபாய்.

நின்றுவிட்டால் என்ன செய்வது?

எதுவும் தெரியாத அளவுக்குப் பனி இறங்கிவிட்டால், ஓடுதளத்திலோ ஓரத்திலோ காரை நிறுத்துவது தீர்வன்று. ஓரத்தில் நிற்கும் காரின் பின்விளக்கைக் கண்டு, அது ஓடிக்கொண்டிருப்பதாக எண்ணிப் பின்தொடர்ந்து வந்து மோதுவோர் உண்டு. அடுத்த உணவகம், பெட்ரோல் நிலையம், சுங்கச்சாவடி வரை மெதுவாகச் சென்று, சாலையை விட்டு முழுவதும் விலகி நிறுத்த வேண்டும்.

மோதல் நேர்ந்துவிட்டால், சேதத்தைப் பார்ப்பதற்காகக் காரின் பின்புறம் போய் நிற்பது உயிருக்கு ஆபத்து. 2017 காணொளியில் கண்டதுபோல், அடுத்த கார் எந்தக் கணமும் வரலாம். இரு வாகனங்களுக்கு இடையே ஒருபோதும் நிற்கலாகாது. நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, போக்குவரத்து இல்லாத பக்கக் கதவு வழியே அனைவரும் இறங்கி, சாலையோரத் தடுப்புக்கு அப்பால், விபத்து இடத்திலிருந்து தள்ளி ஒதுங்க வேண்டும். காருடன் தரப்படும் முக்கோண எச்சரிக்கைப் பலகையை வைப்பதற்காக அடர்பனியில் ஓடுதளத்தின் மீது நடந்து செல்லவேண்டாம். தடுப்புக்கு அப்பாலிருந்தே கைக்கெட்டும் இடத்தில் வைக்க முடிந்தால் மட்டும் வைக்கலாம்.

உதவிக்கு 112 என்ற எண்ணையும், தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்ற எண்ணையும் அழைக்கலாம். எங்கே இருக்கிறீர்கள் என்பதே அவர்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். பனியில் ஊர்ப்பெயரோ மேம்பாலமோ தெரியாது. எனவே கடந்து செல்லும் கிலோமீட்டர் கற்களின் எண்களை, ஓட்டுநருக்கு அருகில் அமர்ந்திருப்பவர் குறித்துக்கொண்டே வருவது நல்லது. எந்தத் திசையில் சென்றுகொண்டிருந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் மீட்பு வண்டி மறுபுறச் சாலையில் தேடி அலைய நேராது.